பூஜைக்கு வைத்த ரிசீவர்

விஜயதசமி போய் ஐந்து நாளாயிற்று. டப்பாவில் ஆயுதபூஜைப் பொரி நமுத்துப்போய்க் கிடந்தது. பரசுராமன் சாய்மானம் இல்லாத முக்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் மடியில் இருந்தன. மவுஸை யாரும் தொடவில்லை. ஆனாலும் திரையில் அம்புக்குறி நடுங்கியது. நடுங்கி நடுங்கி அன்னப்பட்சியின் கழுத்துப் பக்கம் நகர்ந்து, பொட்டென்று ஒரு சிவப்புப் புள்ளியை வைத்தது.

“வெச்சிட்டாங்க. இன்னொரு புள்ளி வெச்சிட்டாங்கம்மா.”

மருமகள் கீதா அடுப்பங்கரையிலிருந்து முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள். “எங்க மாமா?”

“கழுத்துல பாரு. நான் கைய மடியில வெச்சிகினு குந்தியிருக்கறேன். நீயே சாட்சி.”

அது முகூர்த்தப் பட்டின் பார்டர். திரையில் தெரிகிற ஒவ்வொரு கட்டமும் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஓர் இழைக்குக் கணக்கு. ஒரு புள்ளி தப்பினால் தறிக்கு மேலே மாட்டுகிற அட்டையில் ஓர் ஓட்டை தப்பும். ஓட்டை தப்பினால் தறியில் ஓர் இழை தவறி எழும். அப்புறம் புடவை ஓரம் முழுக்க அந்தத் தவறு சாண் சாணாகத் திரும்ப வந்து நிற்கும். முப்பத்தெட்டு வருஷமாக அவர் டிசைன் போடுகிறார். முதல் பாதி கிராப் தாளில், மறு பாதி கம்ப்யூட்டரில். பரசுராமன் போட்ட டிசைனில் இழை தப்பியது என்று ஆரணியில் எந்தத் தறிக்காரரும் இதுவரை வாய் திறந்ததில்லை.

இந்த ஐந்து நாளில் அவர் அழித்த புள்ளிகள் நூற்றுக்கு மேல். அழிக்க அழிக்க விழுந்தது. மகன் சரவணன் கடைவீதியில் பட்டுக்கடையில் வேலை பார்க்கிறான். அவன் சாப்பிட வந்தபோது பார்த்துவிட்டு, “யாரோ சிஸ்டத்துக்குள்ள பூந்து ஓட்டறாங்கப்பா” என்று சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போய்விட்டான். யாரோ என்று அவன் சொன்னதற்குப் பரசுராமனே பேர் வைத்துக்கொண்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி பாலுவின் வீடு. ஒரே வீடாக இருந்ததுதான். ஆறு வருஷத்துக்கு முன் பாலு தன் மகள் தேவகியை வேலூருக்கு அனுப்பி டிசைன் படிக்க வைத்து, தனியாக ஒரு கம்ப்யூட்டரும் வாங்கினான். “ஒரு வீட்டுக்கு ஒரு டிசைன் கை போதும். நான் செத்தா பூட்டேன்?” என்று பரசுராமன் கேட்டார். பாலு பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அந்த வருஷமே நடுக்கூடத்தில் சுவர் எழும்பியது. அதற்குப் பிறகு அண்ணன் தம்பி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆயுதபூஜை மட்டும் பிரியவில்லை. அது அவர்கள் அப்பா சாகும்போது கையடித்து வாங்கிக்கொண்ட சத்தியம். வருஷத்துக்கு ஒரு நாள் இரண்டு வீட்டுச் சாமான்களும் மூத்தவர் வீட்டுக் கூடத்தில் ஒரே பாயில் வந்து உட்காரும். தறியில் குறுக்கு நூலை இழுத்தோடும் நாடா, கத்தரி, நூல் தார் சுற்றும் ராட்டை, அட்டை அடிக்கிற ஊசி எல்லாம் வரும். இப்போது கீபோர்டு, மவுஸும் வருகின்றன. அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் கற்பூரம் ஒற்றிக்கொண்டு எழுந்து போவார்கள்.

இந்த வருஷம் பரசுராமன் ஒரு புது உத்தரவு போட்டார். “மவுஸு மட்டும் வந்தா ஆச்சா? அதோட ரிசீவர் மிஷினுக்குள்ளவே குந்திகினு இருக்குதே, அது ஆயுதம் இல்லியா? அதையும் புடுங்கிகினு வாங்க. ஒண்ணும் பாக்கி இருக்கக் கூடாது.” கீதா போய்ப் பக்கத்து வீட்டிலும் சொன்னாள். கட்டைவிரல் நகம் அளவில் மூன்று ரிசீவர்கள் வெள்ளிக் கிண்ணத்தில் வந்து சேர்ந்தன. அவருடைய கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று, தேவகி மவுஸுக்கு ஒன்று. தேவகியின் கீபோர்டு ப்ளூடூத். அதற்கு ரிசீவர் கிடையாது. மூன்றுக்கும் அவரே சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தார். மறுநாள் காலை மறுபூஜை முடிந்து சாமான்களைத் திருப்பிக் கொடுத்ததும் அவர்தான்.

“எது யாருதுன்னு பாத்துக்கலாமா மாமா?” என்று கீதா கேட்டாள்.

“எனக்குத் தெரியாதா?” என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்று நல்ல நேரத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபோது மவுஸ் வேலை செய்யவில்லை. அம்புக்குறி மட்டும் தன் பாட்டுக்கு எங்கேயோ ஓடியது. கீதா மவுஸைத் திருப்பி, அடியில் இருந்த பொத்தானை அழுத்தி, “ரிசீவர் சரியா பேசல மாமா. ப்ளூடூத்துல போட்டுட்டேன், இப்ப ஓடும் பாருங்க” என்றாள். ஓடியது. ரிசீவர் சொருகின இடத்திலேயே இருந்தது. அன்றிலிருந்துதான் இந்தப் புள்ளி.

*

காலை பத்து மணிக்குத் தரகர் அய்யாக்கண்ணு குடையை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தார். ஐப்பசிக்கு முன்னாடியே மழை பிடித்துக்கொண்டது. தெருவில் பாவு நூலை நீட்டிப் போட முடியாமல் எல்லா வீட்டுக்காரர்களும் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பெரியவரே, கண்ணமங்கலத்துக்காரங்க சாயங்காலம் நாலு மணிக்கு வர்றாங்க. தேவகியப் பொண்ணு பாத்தாச்சு, புடிச்சுப் போச்சு. தட்டு மாத்தறதுக்கு முன்ன மூத்தவரு வாயால ஒரு வார்த்த கேக்கணும்ன்றாங்க. நேரா இங்கதான் வருவாங்க.”

“வரட்டும்.”

“நல்ல வார்த்தயா ஒண்ணு சொல்லிட்டீங்கன்னா...”

“நல்ல வார்த்த கெட்ட வார்த்த எனக்குத் தெரியாது. உள்ளத சொல்லுவேன். என் சிஸ்டத்துல கைய வெக்கிற பொண்ணு அது. அஞ்சு நாளா என் டிசைன கெடுத்துகினு இருக்குது.”

அய்யாக்கண்ணுவுக்கு வாயில் போட்ட பொரி தொண்டையில் நின்றுவிட்டது. கீதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். “இன்னாங்க இது? கல்யாணப் பேச்சுல போயி...”

“கேட்டா சொல்லுவேன். கேக்க வேணாம்னா அவங்கள நேரா அங்கயே இட்டுகினு போ.”

“அது எப்படிங்க? மூத்தவரத் தாண்டிப் போனா அதுவே சந்தேகமாயிடுமே.” தரகர் மேசைமேல் இருந்த மவுஸைப் பார்த்தார். “இதுக்கு வாலு இருந்த காலத்துல இந்த பேஜாரே இல்லீங்க. எங்க இருந்து வருது, எங்க போவுதுன்னு கண்ணுல தெரியும்” என்று முணுமுணுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் மனைவி கற்பகம் வந்து நின்றாள். நாற்பது வருஷம் அவருக்குச் சோறு போட்டவள். அவரிடம் குரலை உயர்த்தத் தெரியாது, தாழ்த்தவும் தெரியாது.

“பெத்த பொண்ணு மாதிரி தூக்கி வளத்த பொண்ணுங்க அது. இருவத்தஞ்சு வயசு ஆச்சு. இந்த இடமும் தட்டிப்போச்சுன்னா உங்களுக்குச் சோறு எறங்குமா?”

“பொய் சொல்லிட்டா எறங்குமா?”

“பொய் யாரு சொல்லச் சொன்னாங்க? தெரியலன்னு சொல்லுங்க.”

“தெரியலன்னு சொன்னா அது பொய் இல்லியா? பகல்ல விழுது. பொழுது சாஞ்சா நிக்குது. ஒரு மணிக்குச் சோத்து நேரம், அப்பவும் நிக்குது. மறுபடி ரெண்டு மணிக்கு ஆரம்பிக்குது. மிஷினு கோளாறுன்னா அது சோத்துக்குப் போவுமா? மனுஷன்தான் போவான். சுவத்துக்கு அந்தாண்ட இருக்கறவன்தான் போவான்.”

கற்பகம் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினாள். களம்பூர் அரிசி கொதிக்கிற வாசனை வந்தது. உள்ளே போய்விட்டாள்.

கீதாதான் விடவில்லை. அந்த வீட்டில் அவரை எதிர்த்துப் பேசாமலே தன் வழிக்குக் கொண்டுவரத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். “மாமா, நாலு பேர் எதிர்ல சொல்லப்போறீங்க. ருசு இருக்குதான்னு அவங்க கேட்டா? எப்பெப்ப விழுதுன்னு எழுதி வெச்சிக்கலாமே.”

அது அவருக்குச் சரியாகப் பட்டது. பேச்சு என்றால் பேச்சு, ருசு என்றால் ருசு. பரணில் இருந்த பழைய கிராப் தாள் ஒன்றை இறக்கச் சொன்னார். பென்சிலைச் சீவினார். ஒரு கட்டம் ஒரு நொடி என்று வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, அம்புக்குறி குதிக்கும்போதெல்லாம் ஒரு கட்டத்தை நிரப்பினார். குதிக்காத நொடிக்குக் கட்டத்தைக் காலியாக விட்டார். பன்னிரண்டு வரிசை நிரம்பும்வரை தலை நிமிரவில்லை. கண்ணில் நீர் கோத்தது, துடைக்கவும் இல்லை.

பிறகு தாளைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார். டிசைன்காரர் கண் அது. புள்ளிகளைத் தனித்தனியாகப் பார்க்காது, ஓட்டத்தைத்தான் பார்க்கும். மூன்று நிரம்பிய கட்டம், ஒரு காலிக் கட்டம், ஒரு நிரம்பிய கட்டம். மறுபடி மூன்று, காலி, ஒன்று. பன்னிரண்டு வரிசையிலும் அதே கட்டு. கெடுக்க வேண்டும் என்று வைக்கிற கை இப்படி வைக்காது. இது வேறு எதுவோ.

“டக், டக், டக்...” என்று பென்சிலால் தாளைத் தட்டினார். “டக்.”

சுவருக்கு அந்தப் பக்கமும் அதையே சொன்னது.

பாலுவின் தறி. நாலு வருஷத்துக்கு முன் களம்பூர் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்து அவனுக்கு இடது முட்டி போய்விட்டது. அதிலிருந்து மூன்று மிதி சரியாக விழும், நாலாவது மிதிக்குக் கால் ஒரு நொடி யோசிக்கும். பரசுராமன் அந்த முட்டியைக் கண்ணால் பார்த்தது பூஜைப் பாயில் அவன் காலை நீட்டி உட்காரும்போதுதான். ஆனால் நாலு வருஷமாகச் சுவர் வழியாக தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். டக், டக், டக். அப்புறம் ஒரு மூச்சு. டக்.

திரையில் அம்புக்குறி அதே தாளத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். தறி நின்றது. அம்புக்குறியும் நின்றது. நாடா சிக்கியிருக்கும், மறுபடி ஆரம்பித்தது. அம்புக்குறியும் ஆரம்பித்தது.

“கீதா.”

“மாமா?”

“தறி நெய்றவனுக்கு ரெண்டு கையும் ரெண்டு காலும் தறியில இருக்கும். அவன் எப்படி என் சிஸ்டத்துல கைய வெப்பான்?”

கீதா குனிந்து, கம்ப்யூட்டரிலிருந்து சந்தனம் காய்ந்த அந்த ரிசீவரைப் பிடுங்கினாள். தறி ஓடிக்கொண்டிருந்தது. அம்புக்குறி அசையவில்லை. மறுபடி சொருகினாள். நடுங்கியது. இன்னொரு தடவை பிடுங்கினாள். நின்றது.

“இது நம்ம மவுஸோடது இல்ல மாமா” என்றாள் மெதுவாக. “ஒவ்வொரு ரிசீவரும் அதோட மவுஸு பேச்ச மட்டுந்தான் கேக்கும். நம்ம மவுஸ நான் ப்ளூடூத்துல போட்டதால அது ஓடுது. இந்த ரிசீவர் வேற மவுஸு சொல்றதக் கேட்டுகினு இருந்திருக்குது. பத்து பதினஞ்சு அடிதான், செவுரு ஒரு பொருட்டே இல்ல. ரெண்டும் பாக்கறதுக்கு ஒரே மாதிரி. பூஜையில...”

மிச்சத்தைச் சொல்ல மருமகளுக்கு வாய் வரவில்லை.

“பூஜையில நான்தான் மாத்திக் குடுத்தேன்” என்றார் பரசுராமன்.

*

மணி மூன்றாகியிருந்தது. கற்பகம் போட்ட சோறு தட்டில் அப்படியே காய்ந்தது.

“அதுக்கு இன்னா இப்ப? கீதாகிட்ட குடுத்தனுப்புங்க. பேசிகினே இருக்கறப்ப மாத்திகினு வந்துடுவா. யாருக்கும் தெரியப்போறதில்ல” என்றாள் கற்பகம். “அய்யாக்கண்ணுகிட்ட, ‘மிஷினு கோளாறு, சரியாப்போச்சு’ன்னு நான் சொல்லிக்கறேன்.”

“தெரியணும்.”

“யாருக்கு?”

“தேவகிக்கு. அவ அப்பனுக்கு. அய்யாக்கண்ணுக்கு. வர்றவங்களுக்கெல்லாம். இன்னிக்குக் காலைல ஒரு பொண்ண இந்த வாயால திருடி மாதிரி பேசிட்டேன். அது என் வீட்டு மானமா, அவன் வீட்டு மானமான்னு பிரிக்க முடியாது கற்பகம். சுவரு கட்டிட்டா மானத்துக்கும் பாகம் ஆயிடுமா? சொன்ன வாயாலதான் எடுக்கணும். ஆள் வெச்சு எடுக்கறது நம்ம வழக்கம் இல்ல.”

வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டார். ஜரிகைக்கரை துண்டைத் தோளில் போட்டார். கீதா ரிசீவரை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். “மடிக்க வேணாம். கையில குடு” என்று வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

தம்பி வீட்டு வாசல் முப்பது தப்படி தூரம். ஆறு வருஷமாக அவர் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. தூறலில் குடை இல்லாமல், கையை முன்னால் நீட்டி விரலை மடக்கிக்கொண்டு அவர் நடந்ததைத் தெருவில் நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நிதானமாகவே நடந்தார்.

பாலு குளித்துவிட்டு ஈரத் தலையோடு வாசலில் வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தவன் கத்தியைக் கீழே வைக்க மறந்துவிட்டான்.

“வா ணா.”

“உன் சாமான் என் வீட்ல இருந்துச்சு.” உள்ளங்கையை விரித்துக் காட்டினார். “பூஜையன்னிக்கு நான் மாத்திக் குடுத்துட்டேன். என்னுது இங்க இருக்கும். தேவகியோட மவுஸு எங்க?”

பாலு உள்ளே திரும்பிப் பார்த்தான். தேவகி பட்டுப்புடவையில், பாதி பின்னிய சடையோடு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அது செத்துப்போச்சுன்னு வெச்சிட்டோம் பெரிப்பா. நான் ஒயர் மவுஸு வாங்கிக்கினேன்.”

“செத்துப்போவல. எங்க வெச்சீங்க?”

தறிக் காலில் அடித்திருந்த பலகையைப் பாலு காட்டினான். அங்கே ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய நூல் சுற்றிய தார்கள் இருந்தன. டப்பா ஆடாமல் இருக்க அதற்கு அடியில் மவுஸை முட்டுக் கொடுத்திருந்தான். அடியில் சிவப்பு விளக்கு இன்னும் மினுக்கியது. பரசுராமன் டப்பாவைத் தூக்கி, மவுஸைக் கையில் எடுத்துப் பார்த்தார். தறி அடிக்க அடிக்கப் பலகை அதிர்ந்திருக்கிறது. டப்பா குதித்துக் குதித்துப் பொத்தானை அழுத்தியிருக்கிறது. ஐந்து நாள் அவர் பார்டரில் புள்ளி வைத்தது தம்பியின் முட்டி.

“நான் அன்னிக்கே சொன்னேன் பெரிப்பா, ரிசீவர் மாறியிருக்கும்னு” என்றாள் தேவகி. “அப்பாதான் வுடல.”

“இன்னா சொன்னான்?”

தேவகி அப்பாவைப் பார்த்தாள். பாலு கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “அண்ணன் கையால குடுத்தது மாறாதுன்னு சொன்னேன்.”

பரசுராமன் துண்டைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாலுவின் மனைவி பொன்னியம்மாள் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அவர் உட்காரவில்லை.

“பெரிப்பா, இங்க வாங்க. ஒண்ணு காட்டறேன்.” தேவகி கம்ப்யூட்டரைத் திறந்தாள். வெறும் கட்டம் போட்ட வெள்ளைப் பக்கம். அதன் தலையில் மூன்று பிள்ளையார் சுழி, ஒன்றின்கீழ் ஒன்றாக. மூன்றிலும் வால் இடப்பக்கமாக மடங்கி உள்ளே ஏறியிருந்தது. ஆரணியில் அப்படிச் சுழி போடுகிற கை ஒன்றுதான்.

“விஜயதசமி காலைல நல்ல நேரத்துல நானும் சுழி போடலாம்னு குந்தினேன். என் மவுஸு ஓடல. ஆனா பேஜ்ல தானா இது விழுந்துச்சு, மூணு தபா.”

அன்று அவர் மவுஸைப் பிடித்து மூன்று தடவை சுழித்தார். தன் திரையில் ஒன்றும் விழவில்லை என்று எரிச்சல்பட்டார். விழாமல் போகவில்லை, இங்கே விழுந்திருக்கிறது.

“எப்படி விழுந்துச்சுன்னு நான் கேக்கல ணா” என்றான் பாலு. “உன் சுழி என் வீட்ல விழுந்துச்சு. அது போதும்னு வுட்டுட்டேன்.”

பரசுராமன் திரைக்குக் கிட்டே குனிந்தார். “மூணாவது கோணலா இருக்குது” என்றார். “கோவத்துல போட்டது. அத அழிச்சிடு.”

“அழிக்க மாட்டேன் பெரிப்பா.”

அவர் கையிலிருந்த மவுஸை அவள் மேசைமேல் வைத்தார்.

வாசலில் கார் கதவு அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. கண்ணமங்கலத்துக்காரர்கள் முதலில் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கற்பகம் இங்கே அனுப்பிவிட்டாள். அய்யாக்கண்ணு முன்னால் வந்தார். பரசுராமனை அந்த வீட்டில் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. “பெரியவரே, அப்பால பேசிக்கலாமே” என்று கண்ணைக் காட்டினார்.

“அப்பால இல்ல. இப்பவே.” பரசுராமன் துண்டை இறக்கிக் கையில் போட்டுக்கொண்டார். வந்தவர்களில் மூத்தவர், மாப்பிள்ளையின் தாய்மாமன், அதற்குள் பாயில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தே பேசினார். “நீங்க கேக்கறதுக்கு முன்ன நான் சொல்லிடறேன். காலைல இந்தத் தரகர்கிட்ட, இந்தப் பொண்ணு என் டிசைன்ல கைய வெக்குதுன்னு சொன்னேன். அது தப்பு. சாமான மாத்திக் குடுத்தது நான். எது எதுன்னு பாக்கலாமான்னு என் மருமக கேட்டுது, எனக்குத் தெரியாதான்னு சொன்னதும் நான். பழிய இந்தப் பொண்ணு மேல போட்டதும் நான்தான். இவ கை சுத்தம். டிசைன்லயும் என் கைக்கு இவ கை கொறஞ்சதில்ல. இதான் நான் சொல்ற வார்த்த.”

தாய்மாமன் மீசையைத் தடவினார். “ஏங்க, பக்கத்து வீடுதானே? அஞ்சு நாளா ஒரு வார்த்த கேட்டுக்கலியா?”

“ஆறு வருஷமா பேச்சு இல்லீங்க.”

அய்யாக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார். இதை மறைத்துத்தான் அவர் மூன்று மாசமாக வரன் பேசியிருந்தார்.

“இப்ப?” என்றார் தாய்மாமன்.

பரசுராமன் தம்பியைப் பார்த்தார். பாலு காலை நீட்டியபடி கதவோரம் உட்கார்ந்திருந்தான். “இப்ப பேசறோம்” என்றான் பாலு.

தாய்மாமன் பொன்னியம்மாள் பக்கம் திரும்பினார். “அம்மா, காபி போடுங்க. மூத்தவருக்கும் சேத்து. அவரு நின்னுகினே இருக்கறாரு.” பிறகு, கூட வந்த பெண்ணிடமிருந்து பழத்தட்டை வாங்கிப் பாயின் நடுவில் நகர்த்தி வைத்தார். “தட்ட யாரு கையால வாங்கறது?”

பாலு எழப் பார்த்தான்; முட்டி ஒத்துழைக்கவில்லை. பரசுராமன் கையை நீட்டினார். தம்பி அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். தட்டை இரண்டு பேரும் சேர்ந்தே வாங்கினார்கள். அதற்குப் பிறகுதான் பரசுராமன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

*

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்பினார். கையில் அவருடைய ரிசீவர் இருந்தது. கீதா அதைச் சொருகி, மவுஸின் அடிப் பொத்தானை ரிசீவருக்கு மாற்றினாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாலு மறுபடி தறியில் உட்கார்ந்துவிட்டான்; தறியிலிருக்கிற பாவு நாளைக்குள் முடிய வேண்டும். டக், டக், டக். ஒரு மூச்சு. டக். அம்புக்குறி நிறுத்தின இடத்தில் நின்றது.

பரசுராமன் அன்னப்பட்சியின் கழுத்திலிருந்த கடைசிப் புள்ளியை அழித்தார்.

“மாமா” என்றாள் கீதா. “அடுத்த வருஷம் ரிசீவர மட்டும் மிஷின்லயே வுட்டுடலாமா?”

“இன்னாத்துக்கு? ஆயுதம்னா எல்லாமே பாய்க்கு வரணும். அதுல மாத்தம் இல்ல.” திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். “ஆனா திருப்பிக் குடுக்கறது நான் இல்ல. தேவகி கண்ணமங்கலத்துலருந்து வரட்டும். அவ கையால எடுத்துக் குடுக்கட்டும். நான் வாங்கிக்கறேன்.”